விடியுமுன் முற்றத்தில் கதிரைகள்

அன்று விடியப்புறம் நான் முற்றத்தில் கதிரை கழுவிக்கொண்டிருந்தேன்.

வானம் இன்னும் வெளிக்கவில்லை. விறாந்தை விளக்கைப் போட்டிருந்தேன். எல்லாம் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள். ஒவ்வொன்றாகச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, தண்ணீர் ஊற்றி, காய வைத்தேன். முற்றத்தில் இடம் முடிந்ததும் கேற்றை அகலத் திறந்து, மிச்சத்தை ஒழுங்கையில் மதிலோரமாக வரிசையில் வைத்தேன். எங்கள் ஒழுங்கை சரிவான சின்னத் தெரு. அதன் அடியில் உட்துறைமுகம். நங்கூரம் போட்டு நின்ற கப்பலொன்றின் விளக்குகள் தண்ணீரில் நீளமாகக் கிடந்தன. டீசல் மணமும் பாசி மணமும் சேர்ந்து மேலே ஏறி வந்தன.

எதிர்வீட்டு நசீர் நானா பள்ளிவாசலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தார். படகு இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர். வாய் ஓயாத மனிதர். என்னைக் கண்டால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கதை தொடங்கிவிடும். அன்று கதை வரவில்லை. கேற்றடியில் நின்றார். விளக்கைப் பார்த்தார், கதிரைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கழுவிய தண்ணீரில் என் முகமும் சட்டையும் நனைந்திருந்தன.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நுரை படிந்திருந்த என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு என்னை இழுத்துக் கட்டிப்பிடித்தார்.

நான் அழுதுவிட்டேன்.

ஏன் அழுதேன் என்று அப்போது தெரியவில்லை. அவருடைய சட்டையில் அத்தர் மணத்தது. முதுகில் தட்டிக் கொடுத்தார். “மனசத் தேத்திக்கொள்ளுங்க ஐயா. மத்ததெல்லாம் நாங்க பாக்கிறம்,” என்று காதோடு சொல்லிவிட்டு விறுவிறென்று போய்விட்டார்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். ‘மத்ததெல்லாம்’ என்றால் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அழுததில் நெஞ்சு கொஞ்சம் இறங்கியிருந்தது. அடுத்த கதிரையை எடுத்தேன்.

விண்ணப்பமில்லாமல் வருகிறவர்

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும்: துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு அலுவலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இன்னும் ‘ஏஓ ஐயா’தான். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழைத்துவிட்டால் எந்த அறைக்கு முதலில் போக வேண்டும், எந்த அறைக்கு ஒருபோதும் முதலில் போகக்கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மூதூரிலிருந்துகூட ஆட்கள் வந்து கேட்டுப் போவார்கள்.

ஆனால் பயத்துக்கு நடைமுறை கிடையாது. அது விண்ணப்பிப்பதில்லை. வரிசையில் நிற்பதுமில்லை. நேரே உள்ளே வந்து மேசைக்கு முன்னால் அமர்ந்துவிடும்.

மழை தொடங்கிய காலத்தில் அது வரத் தொடங்கியது. பள்ளிவாசலில் வாங்கு சொல்வதற்குச் சற்று முன்னர் கண் விழிக்கும். கெட்ட கனவு எதுவுமில்லை. கண் திறக்கும்போதே நெஞ்சு ஓடிக்கொண்டிருக்கும், எனக்கு முன்னரே எழும்பி எங்கேயோ புறப்பட்டுவிட்டதுபோல. கை நுனி குளிரும். வாய் காயும். ஏதோ பெரிய பிழை விட்டுவிட்டேன், துறைமுக வாயிலில் ஒரு கப்பல் என் கையெழுத்துக்காகக் காத்து நிற்கிறது, எல்லாரும் என்னைத் தேடுகிறார்கள் என்று ஓர் எண்ணம். எனக்காக எந்தக் கப்பலும் காத்திருக்கவில்லை. நான் ஓய்வு பெற்றுப் பல காலம். அந்தச் சுற்றறிக்கை என் நெஞ்சுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

வெளிச்சம் துறைமுகத்தில் விழுந்து, பாண் விற்கும் ஓட்டோ தன் மெட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது பயம் போய்விடும். பிறகு நான் வழமைபோலக் கழிவுநீர்க் கான் துப்புரவு செய்யாத நகரசபையைத் திட்டிக்கொண்டு திரிகிற அதே மனிதன். பயத்தின் கெட்டித்தனமே அதுதான். அலுவலக நேரம் தொடங்கும்போது சாட்சி ஒன்றையும் விட்டு வைக்காது.

ஜீப்புக்குள் இருந்த பெரியவர்

இந்த இடத்தில் ஒருவரை நினைக்காமல் போக முடியாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். பெயர் வேண்டாம், பிள்ளைகள் வாசிக்கக்கூடும். அவர் குரல் கேட்டால் தட்டச்சு இயந்திரங்களே வேகமாக அடிக்கும் என்பார்கள்.

காலையில் அவருடைய ஜீப் வாசலில் வந்து நிற்கும். இயந்திரம் நிற்கும். ஆனால் அவர் இறங்கமாட்டார். நெடுநேரம் உள்ளேயே இருப்பார். யார் பிந்தி வருகிறார்கள் என்று பார்க்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அதனால் ஒருவரும் பிந்துவதில்லை. நேரந்தவறாமைக்கு எங்கள் அலுவலகம் பெயர் வாங்கியது.

அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு சாரதி சொன்னார்: “ஐயா ஒருத்தரையும் பாக்கிறேல்ல. கண்ணை மூடிக்கொண்டு முழங்கால்ல ரெண்டு கையையும் வைச்சுக்கொண்டிருப்பார். பேந்து ‘சரி, போவம்’ எண்டு தனக்குத்தானே சொல்லிப்போட்டு இறங்குவார்.”

அன்று அதைக் கேட்டுச் சிரித்தோம். இப்போது அந்த ஜீப்புக்குள் அவர் என்ன செய்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவ்வளவு பயத்தோடு அத்தனை வருடம் இறங்கி வந்தாரே என்று மரியாதையாகவும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பயப்பட வேண்டிய காலத்தில் நான் பயப்படவில்லை. சண்டைக் காலத்தில் மலைக்கு அப்பால் வெடிச்சத்தம் கேட்ட நாட்களில் நான் குறட்டை விட்டேன் என்று என் மனைவி ரஞ்சி எந்த நீதிமன்றத்திலும் சாட்சி சொல்வாள். கடல் ஊருக்குள் வந்த வருடம் முகாம்களுக்குப் பாயும் பால்மாவும் அனுப்பி முடிக்கவே நேரம் போதவில்லை. பயப்படுவதற்கு யாருக்கு ஓய்வு இருந்தது? இலங்கையில் எல்லாம் பிந்தித்தான் வந்து சேரும். எனக்குப் பயமும் அப்படித்தான் வந்தது போலும்.

ரஞ்சியின் பயணப் பெட்டி

இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் ஒரே மகள் துஷிக்கு நெடுங்காலம் கழித்துக் குழந்தை தரித்திருந்தது. இடையில் இரண்டு தடவை தங்காமல் போனது. அப்போதெல்லாம் ரஞ்சி தொலைபேசியைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கத்தில் அழுதாள், போக முடியவில்லை. இந்த முறை போயே தீருவேன் என்று நின்றாள்.

இரண்டு பேருக்கும் விசாவுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு விண்ணப்பங்களையும் நிரப்பியவன் நான். ரஞ்சிக்குக் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. எல்லா நடைமுறையும் தெரிந்த மனிதருக்கு இது நல்ல பாடம் என்று நசீர் நானா ஒழுங்கை முழுவதும் சொல்லித் திரிந்தார்.

பெட்டி கட்டிலின் காலடியில் திறந்து கிடந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சரக்குத் தூளை ரஞ்சி தானே வறுத்து இடித்து, மூன்று பைக்குள் போட்டுக் கட்டியிருந்தாள். அறை முழுவதும் மிளகும் மஞ்சளும் மணத்தன. விடியப்புறம் பயம் வந்து நான் கண் விழிக்கும்போது அந்த மணம்தான் முதலில் வரும். அவள் போகப்போகிறாள் என்பதும் அதோடு சேர்ந்து வரும்.

என் விடியல்கள் இப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் அவள் அந்தப் பெட்டியை மூடிவிடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதனால் அசையாமல் படுத்திருந்து, நித்திரை கொள்கிறவனைப்போல மூச்சு விடப் பழகினேன். ஓடுகிற நெஞ்சோடு மெதுவாக மூச்சு விடுவது லேசான காரியமில்லை.

கிண்ணியா டொக்டர்

பட்டணத்தில் எந்த டொக்டரிடம் போனாலும் மத்தியானத்துக்கிடையில் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். எனவே ஒரு நண்பரின் காணி உறுதி விஷயமென்று ரஞ்சியிடம் சொல்லிவிட்டு, பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். பாலம் வருவதற்கு முன்னர் அங்கே ‘பாதை’ என்ற மிதவையில் கடந்த கதையை முன்பொரு வாரம் எழுதியிருக்கிறேன். இப்போது பாலத்தில் பஸ் ஓடி முடிவதற்குள் பொய்யைச் சரியாக யோசிக்கக்கூட நேரம் கிடைப்பதில்லை.

டொக்டர் இளம் பெண். பர்தா போட்டு, அதற்கு மேலே ஸ்டெதஸ்கோப் போட்டிருந்தார். நான் என் நிலைமையைப் பின்னணி, தற்போதைய நிலை, எதிர்பார்ப்பு என்று பிரித்து எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நெஞ்சைச் சோதித்தார். இரத்தம் எடுக்கச் சொன்னார். அடுத்த முறை போனபோது முடிவுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இதயம் நல்லாயிருக்கு ஐயா.”

“அப்ப ஏன் ஓடுது?”

“பயத்தில.”

“என்னத்துக்குப் பயம்?”

“அத நீங்கதான் எனக்குச் சொல்லணும்.”

அவர் ஒரு மாத்திரை எழுதினார். “முழிச்சா படுத்துக் கிடந்து அதோட வழக்குப் பேசாதீங்க. உடன எழும்புங்க. கையால ஏதாவது சின்ன வேலை செய்ங்க. வீட்டிலயும் சொல்லுங்க. இது தனிய வச்சிருக்கிற சாமானில்ல.”

அறிவுரையின் முதற்பகுதியை உடனே நடைமுறைப்படுத்தினேன். இரண்டாம் பகுதியை விமானம் புறப்பட்ட பிறகு பரிசீலிப்பதென்று ஒத்திவைத்தேன். அரச சேவையில் இப்படித்தான் நாங்கள் செய்வோம்.

மறுநாளே குசினியில் வெங்காயம் உரித்தேன். அடுத்த நாள் சப்பாத்து மினுக்கினேன், போட்டுக்கொண்டு போக இடமில்லாவிட்டாலும். பிறகு அலுமாரியைத் துடைத்தேன். வேலை செய்யும்போது பயம் போய்விடுவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பேசாமல் நிற்கும். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

“என்னப்பா, வீட்டுக்குள்ள எலியோ? விடியப்புறத்தில சத்தம் கேக்குது,” என்று ரஞ்சி கேட்டாள்.

எலிதான் என்றேன். வேலையை வீட்டுக்கு வெளியே மாற்ற வேண்டி வந்தது. வெளியே, கொட்டிலுக்குள் கதிரைகள் இருந்தன.

சங்கத்துக் கதிரைகள்

அவை என் கதிரைகள் அல்ல. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. சைவர், வேதக்காரர், இஸ்லாமியர் எல்லாரும் அங்கத்தவர்கள். அதன் செயலாளர் யாராக இருக்கும் என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். சங்கத்தின் கதிரைகளும் தறப்பாளும் பெரிய கேத்தலும் என் வீட்டுக் கொட்டிலில்தான் இருக்கின்றன. கலியாணத்துக்கோ பிறந்தநாளுக்கோ அவற்றைக் கொடுப்பதில்லை. அந்தக் கதிரைகள் வெளியே வந்தால் ஒழுங்கையில் யாரோ இறந்திருக்கிறார்கள் என்று பொருள்.

மரண வீட்டில் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒழுங்கு எழுதியவனும் நான்தான். செய்தியை முதலில் அறிந்தவர் மற்ற வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். மரண வீட்டில் அடுப்பு மூட்டாதபடியால் அடுத்த வீடு உடனே தேநீர் கொண்டுவர வேண்டும். கீழ்வீட்டார் தறப்பாள் கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேற்றடியில் வைத்து எப்படி, எப்போது, என்ன வருத்தம் என்று யாரும் கேள்வி கேட்கக்கூடாது. பேசாமல் உள்ளே போய்க் கையைப் பிடிக்க வேண்டும். அதை நான் அடிக்கோடிட்டிருந்தேன்.

இவ்வளவையும் எழுதியவன், விடியப்புறம் விளக்கைப் போட்டு, கேற்றைத் திறந்து, அதே கதிரைகளை ஒழுங்கையில் வரிசையாக வைத்தேன். எனக்கு அவை சிலந்தி வலை பிடித்த கதிரைகளாக மட்டுமே தெரிந்தன. நெஞ்சு அப்படி ஓடும்போது மனிதனுக்குத் தன் கைக்கு எட்டிய தூரம் மட்டும்தான் தெரியும்.

கேற்றடியில் ஒழுங்கை

நசீர் நானா போய்க் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிலோமினா ரீச்சர் வந்தார். கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மகன் வெளிநாடு போனதிலிருந்து தனியே இருக்கிறார். துவாயால் சுற்றிய கேத்தல் ஒரு கையில், சீனிப் பை மறு கையில். கண் சிவந்திருந்தது.

“அண்ணை,” என்று கேத்தலைக் கீழே வைத்தார். “நேத்துப் பின்னேரமும் மதிலால கதைச்சவ. கருவேப்பிலை கேட்டவ.”

நேற்றுப் பின்னேரம் கறிவேப்பிலை கேட்டது ரஞ்சி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியபோது கீழ்வீட்டு ஆண்கள் கேற்றுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் வெள்ளைக் கொடிக்கான துணி. ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முகம் சுளிக்காமல் ஈரக் கதிரைகளில் அமர்ந்தார்கள்.

நான் எழுதிய ஒழுங்கு ஒரு எழுத்தும் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. உள்ளதைச் சொல்வதானால், ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு வாய் திறக்கப் பார்த்தேன். யாரும் சாகவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். அதற்கு ஒரு பதிலைத் தேடினேன். இந்த இடைவெளியில் திறந்த கேற்றால் ஒரு புள்ளிமான் உள்ளே வந்தது. எங்கள் பட்டணத்து மான்களுக்கு மரண வீடும் ஒன்றுதான், மரக்கறிக் கடையும் ஒன்றுதான். ரஞ்சியின் செவ்வரத்தையைத் தின்னத் தொடங்கியது. அதைத் துரத்துவதா விடுவதா என்று துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சூ, போ அங்கால,” என்று விறாந்தையில் ஒரு சத்தம் கேட்டது.

ரஞ்சி வீட்டுச் சட்டையோடு, அவிழ்ந்த தலைமயிரோடு, வாயில் பல்தூரிகையோடு நின்றாள். விளக்கைப் பார்த்தாள். கதிரைகளைப் பார்த்தாள். அவளுக்கும் ஒழுங்கு தெரியும். தூரிகையை வாயிலிருந்து எடுத்தாள்.

“என்னப்பா, ஆர் செத்தது?”

பிலோமினா ரீச்சர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். ஒழுங்கையில் நின்று தொலைபேசியில் யாருக்கோ செய்தி சொல்லிக்கொண்டிருந்த நசீர் நானாவின் குரல் மட்டும் கேட்டது. “கொஞ்சம் நில்லுங்க தம்பி. அக்கா எழும்பி வந்திட்டா.”

“ஏன் எல்லாரும் என்னைப் பாக்கிறியள்?”

“அக்கா,” என்றார் ரீச்சர், “நீங்கள்தான்.”

“நான்தான் என்ன?”

“செத்தது.”

ரஞ்சி சற்று யோசித்தாள். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே,” என்றாள். 

கீழ்வீட்டார் ஒருவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். பிறகு ரீச்சர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துத் துடைத்து. ரஞ்சி சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. இப்ப சொல்லுங்கோ. விடியப்புறத்தில சங்கத்துக் கதிரைய ஏன் கழுவுறியள்?”

என்னிடம் நல்ல சாட்டுகள் இருந்தன. வருடாந்தப் பரிசோதனை, சிலந்தி, எலி. என் உத்தியோக காலத்தில் இதைவிடப் பெரியவர்களுக்கு இதைவிட மோசமான சாட்டுகளைச் சொல்லித் தப்பியிருக்கிறேன். ஆனால் கழுவி முடித்த கதிரையையே என் கை திரும்பவும் தேய்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“பயமாக் கிடக்கு ரஞ்சி.”

“என்னத்துக்கு?”

“தெரியேல்ல. ஒவ்வொரு நாளும் விடியப்புறம் வருது. என்னால ஏலாமக் கிடக்கு.”

சிரிப்பு நின்றுவிட்டது. ரஞ்சி இறங்கி வந்து ஈரக் கதிரையொன்றில் அமர்ந்தாள்.

“எப்ப தொட்டு?”

“மழை தொடங்கினது தொட்டு.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“சொன்னா நீர் போகமாட்டீர்.”

“ஓம்,” என்றாள். “போகமாட்டன்தான்.”

மற்றவர்கள் சொன்னது

நசீர் நானா உள்ளே வந்து அமர்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். “எனக்கும் வாறதுதானே,” என்றார், மழை வருகிறது என்று சொல்கிறவர் மாதிரி. “கடை திறக்கு மட்டும் நெஞ்சு அடிச்சிட்டே கிடக்கும். பள்ளிக்குப் போனா கொஞ்சம் இறங்கும். திரும்பி வந்து வீட்டுக் கேற்றத் தொட்டா ஏறிடும்.”

“நீங்களும் வீட்டில மறைச்சனீங்களோ?” என்று ரஞ்சி கேட்டாள்.

“என்னால எப்பிடி மறைக்க ஏலும்? நான் கதைக்காம இருந்தா பௌசியாக்கு உடன விளங்கிடும்,” என்று தன் மனைவியைச் சொன்னார்.

பிலோமினா ரீச்சர் கேத்தலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் எழும்பினா கழுவின பீங்கானைத் திருப்பிக் கழுவுவன். இப்ப கொஞ்ச நாளா உங்கட குசினி லைற் எரியுது. அது எரிஞ்சா எனக்கு ஒரு ஆறுதல். அண்ணைக்கு வெங்காயம் உரிக்க விருப்பமாக்கும் எண்டு நினைச்சனான்.”

ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், ஒழுங்கைக்கு எதிரே நசீர் நானா. ஆளுக்கொரு இருட்டில் ஆளுக்கொரு வேலை. நான் என்னைத் தவிர ஊரில் எல்லாரும் நித்திரை என்று நினைத்திருந்தேன்.

ரஞ்சி எல்லாரையும் பார்த்தாள். “செத்தா ஆர் தேத்தண்ணி கொண்டு வாறது, ஆர் தறப்பாள் கட்டுறது எண்டு எல்லாம் இவர் எழுதி வைச்சிருக்கிறார். உயிரோட இருக்கிற மனிசனுக்கு விடியப்புறம் பயம் பிடிச்சா என்ன செய்யிறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

“அது சங்கத்தின்ர நோக்கங்களுக்குள்ள வராது,” என்றேன்.

“நீங்கள் வாயைப் பொத்துங்கோ.”

தேநீர் ஆறுவதற்கு முன் எல்லாரும் குடித்தோம். அதற்குள் விடிந்துவிட்டது.

பெட்டியும் சரக்கும்

அன்று மத்தியானம் ரஞ்சி பெட்டியிலிருந்து சரக்குத் தூளை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். துஷியிடம் சொல்லவில்லை. ஆனால் எடுத்து வைத்துவிட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விடியப்புறத்துப் பயம் முதன்முறையாக மத்தியானத்திலும் வந்தது. இந்த முறை காரணத்தோடு.

கிண்ணியாவுக்கு இருவரும் சேர்ந்து போனோம். “வீட்டில சொன்னீங்களா ஐயா?” என்று டொக்டர் கேட்டார்.

“ஒழுங்கை முழுக்கச் சொல்லியாச்சு,” என்றாள் ரஞ்சி.

இந்த வருத்தத்தோடு மனிதர் தனியே இருக்கலாமா என்று கேட்டாள். இருக்கலாம், மாத்திரையைத் தொடர்ந்து எடுக்க வேண்டும், குறிப்பிட்ட நாளில் வந்து காட்ட வேண்டும், ஆனால் விடியப்புறத்தில் பக்கத்தில் ஆள் இருந்தால் நல்லது என்றார் டொக்டர்.

பயணத்துக்குச் சில நாள் இருக்கும்போது பிலோமினா ரீச்சர் வந்தார். “அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ. பிள்ளை பெறுமாதம் பொறுத்து நிக்காது. அண்ணைக்குப் பயம் வந்தா நசீர் நானா வீட்டுக் கேற்றைத் தட்டட்டும். நானும் சத்தம் கேட்டா வருவன்.”

“இவர் தட்டமாட்டார்,” என்றாள் ரஞ்சி. “உங்களுக்கு இவரைத் தெரியாது. எல்லாரும் இவரிட்டை வந்து கேட்டுத்தான் பழக்கம். இவருக்கு ஒருத்தரிட்டையும் போய் நிக்கத் தெரியாது.”

அது நியாயமான குற்றச்சாட்டு.

அன்று பின்னேரம் துஷி தொலைபேசியில் வந்தாள். வயிற்றில் பிள்ளை உதைப்பதைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். கடைசியாக, “அம்மா, இந்த முறை நீங்கள் வாறியள்தானே?” என்று கேட்டாள். ரஞ்சி என்னைப் பார்த்தாள். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது. நான் எழும்பிப் போய், அலுமாரியிலிருந்து சரக்குத் தூளை எடுத்து வந்து அவள் பார்த்திருக்கப் பெட்டிக்குள் வைத்தேன்.

“தட்டுவன்,” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

“ஒரு நாள் தட்டாட்டியும் நான் அடுத்த பிளேனில வந்திடுவன்,” என்று சொல்லிவிட்டு, துஷியிடம், “ஓம் பிள்ளை, வாறன்,” என்றாள்.

முதலாவது விடியல்

விமான நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ரஞ்சி ஏறினாள். நான் கடவுச்சீட்டு எந்தப் பையில், எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வண்டி ஒழுங்கை முடிவில் திரும்பி மறைந்த பிறகு வீட்டுக்குள் வந்தேன். அறையில் மிளகு மணம் மட்டும் இருந்தது. போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று மறுநாள் துஷி செய்தி அனுப்பினாள். அவள் விமானத்தில் இருந்த இரவு முழுக்க விழித்திருந்த களைப்பில் நானும் கொஞ்சம் தூங்கிப்போனேன்.

அதற்கடுத்த விடியப்புறம் கண் விழித்தேன். வீட்டில் வேறு மூச்சு இல்லை. நெஞ்சு இருமடங்கு வேகத்தில் ஓடியது. எழும்பிச் சட்டையைப் போட்டேன். குசினிக்குப் போனேன். வெங்காயம் இருந்தது. கத்தியும் இருந்தது. உரித்திருக்கலாம். உரித்துவிட்டு, தட்டினேன் என்று ரஞ்சிக்குச் சொல்லியிருக்கலாம்.

கேற்றைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். ஒழுங்கையின் குறுக்கே ஒரு சில அடிதான். அந்தத் தூரத்தில் நான் யோசித்தவை பல. இந்த நேரத்தில் ஒருவர் வீட்டுக் கேற்றைத் தட்டினால் அவர் என்ன நினைப்பார்? வாங்கு சொல்லும் வரை பொறுத்தால் என்ன? அவராக வெளியே வரும்போது தற்செயலாகக் கண்டதுபோல நின்றால் என்ன? என் வாழ்நாளில் எத்தனை பேர் என் மேசைக்கு முன்னால் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். அவர்கள் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

தட்டினேன். இரும்புக் கேற், சத்தம் துறைமுகம் வரை போயிருக்கும்.

“ஆரு?”

“நான்தான் நானா.”

“வாறன் ஐயா.”

ஏன் என்று கேட்கவில்லை. விளக்கு எரிந்தது. உள்ளே பௌசியா இஞ்சி தட்டும் சத்தம் கேட்டது. நசீர் நானா படியில் பக்கத்தில் இடம் விட்டு அமர்ந்தார். கொஞ்ச நேரத்தில் பிலோமினா ரீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து மேற்படியில் அமர்ந்தார். “இண்டைக்கு ஆருக்குப் பயம் கூட?” என்று கேட்டார்.

“எனக்கு,” என்றேன்.

“நான் ரெண்டாவது,” என்றார் நசீர் நானா.

பயம் போகவில்லை. அதை இந்தப் பத்தியில் துரத்திவிட்டதாக எழுதினால் பொய்யாகிவிடும். அது அந்தப் படியிலும் எங்களோடு இருந்தது. இன்றும் பல நாள் இருக்கிறது. ஆனால் அந்தத் தேநீரின் சூடு கோப்பையிலிருந்து என் கைக்கு ஏறியதை நான் உணர்ந்தேன். கீழே வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும் இயந்திரச் சத்தம் கேட்டது. எந்த வள்ளம் யாருடையது, எதன் இயந்திரம் தன் கடைக்கு எப்போது வரும் என்று நசீர் நானா சத்தத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தார். பாதி பிழையாக இருக்கும். கேட்க நன்றாக இருந்தது. இந்த இரண்டு பேரும் இத்தனை வருடம் இவ்வளவு பக்கத்தில் இருந்தார்கள் என்பதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் தேநீரைக் குடித்தேன்.

அப்போது தொலைபேசி அடித்தது. ரஞ்சி.

“எப்பிடி இருக்குது?”

“நெஞ்சு ஓடுது. நசீர் நானா வீட்டுப் படியில இருந்து தேத்தண்ணி குடிக்கிறம்.”

“ஆர் தட்டினது?”

“நான்தான்.”

“சரி,” என்றாள்.

“அங்க இப்ப என்ன நேரம்?”

“நடுச்சாமம்.”

“ஏன் இன்னும் படுக்கேல்ல?”

“இப்ப படுக்கிறன்,” என்றாள்.